அணுமின் நிலைய ஆபரேட்டருக்கு வினாத்தாள்: ஒரு தேர்வின் வரலாறு

அணுமின் நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் உலையை இயக்கும் பொறுப்பில் இருப்பவர் அதற்கென உரிமம் பெற்றிருக்க வேண்டும். பொறியியல் பட்டம் மட்டும் போதாது. பயிற்சி முடிந்தபின் எழுத்துத் தேர்வு, நிலையத்துக்குள் நடந்து காட்டும் நேரடித் தேர்வு, சிமுலேட்டர் எனப்படும் மாதிரிக் கட்டுப்பாட்டு அறையில் செயல்முறைத் தேர்வு, மருத்துவச் சோதனை, நேர்காணல் எனப் பல படிகள் உள்ளன. இவற்றுள் எழுத்துத் தேர்வுதான் பார்வைக்கு மிகச் சாதாரணமானது. ஓர் அறை, ஒரு வினாத்தாள், சில மணி நேரம். ஆனால் அந்த வினாத்தாளில் எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது, எவ்வளவு மதிப்பெண் எடுத்தால் போதும் என்ற கேள்விகளுக்கு 1979ஆம் ஆண்டுக்கு முன் இருந்த விடை வேறு, பின் வந்த விடை வேறு. அந்த மாற்றத்தையும், கல்பாக்கம் போன்ற இந்திய நிலையங்களில் இத்தேர்வு கொள்ளும் வடிவத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

கொதிகலனிலிருந்து தொடங்கிய வழக்கம்

ஆபத்தான இயந்திரத்தைக் கையாள்பவருக்குத் தேர்வு வைக்கும் வழக்கம் அணுசக்தியோடு வந்ததன்று. 1863இல் கல்கத்தாவில் ஒரு கொதிகலன் வெடித்து உயிர்கள் போயின. மறு ஆண்டே வங்காளத்தில் கொதிகலன் ஆய்வுக்குச் சட்டம் வந்தது. நாடு முழுவதற்குமான இந்தியக் கொதிகலன் சட்டம் 1923இல் இயற்றப்பட்டது. கொதிகலனைப் பார்த்துக்கொள்பவர் தகுதிச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என்பது இந்த வழியில் நிலைபெற்ற விதியாகும்.

காரைக்கால் அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்ததால் 1923ஆம் ஆண்டுச் சட்டம் இங்கே செல்லவில்லை. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவிடம் வந்த பிறகே இந்தியச் சட்டங்கள் படிப்படியாக நீட்டிக்கப்பட்டன. இன்று திருமலைராயன்பட்டினத்தை அடுத்த போலகத்தில் புதுச்சேரி மின் கழகத்தின் 32.5 மெகாவாட் எரிவாயு மின்நிலையம் இயங்குகிறது. டர்பைனிலிருந்து வரும் சூடான புகையைக் கொண்டு நீராவி எடுக்கும் கொதிகலன் அங்கும் உண்டு. காரைக்காலில் அணுமின் நிலையம் இல்லை. எனினும் புதுச்சேரி ஒன்றியப் பகுதிக்குக் கல்பாக்கம், கூடங்குளம் ஆகிய இரு நிலையங்களின் மின்சாரத்திலும் பங்கு உண்டு. காரைக்கால் வீட்டில் எரியும் விளக்குக்கு எரிவாயு நிலையத்து ஆபரேட்டரும் அணுமின் நிலையத்து ஆபரேட்டரும் பொறுப்பாளிகள்.

இருவருக்கும் உள்ள வேறுபாடு ஒன்றுதான், ஆனால் பெரியது. எரிவாயுவை மூடினால் அடுப்பு அணைந்துவிடும். அணுஉலையை நிறுத்தினாலும் எரிபொருளில் உண்டான கதிரியக்கப் பொருள்கள் சிதைந்துகொண்டே வெப்பம் தரும். நிறுத்திய நொடியில் இது முழுத் திறனின் 6 முதல் 7 விழுக்காடு வரை இருக்கும். பிறகு குறைந்துகொண்டே போகும், ஆனால் நின்றுவிடாது. ஆகவே அணுமின் நிலைய ஆபரேட்டருக்கு 'நிறுத்து' என்ற பொத்தானோடு வேலை முடிவதில்லை. அதற்குப் பிறகு என்ன செய்வார் என்பதே அவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி. இந்தக் கேள்வியைத் தேர்வு நடத்தியவர்கள் நெடுநாள் சரியாகக் கேட்கவில்லை.

தேறியவர்கள் தடுமாறிய காலை

அமெரிக்காவில் 1954ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டம் ஆபரேட்டர்களுக்குத் தனிநபர் உரிமத்தைக் கட்டாயமாக்கியது. நிறுவனம் பெற்ற அனுமதி அதன் ஊழியருக்குப் போதாது, ஒவ்வொருவரும் அரசிடம் தனியே தகுதி நிரூபிக்க வேண்டும் என்பது அதன் பொருள். அரசுத் தேர்வாளர்களே வினாத்தாள் தயாரித்தனர்.

1979 மார்ச் 28, அதிகாலை 4 மணி. பென்சில்வேனியா மாநிலத்தின் திரீ மைல் ஐலண்டு நிலையத்தின் இரண்டாம் உலையில் நீரூட்டும் பம்புகள் நின்றன. உலை தானாக நின்றது. அழுத்தத்தைத் தணிக்கத் திறந்த ஒரு வால்வு மூட வேண்டிய நேரத்தில் மூடவில்லை. கட்டுப்பாட்டுப் பலகையில் இருந்த விளக்கோ அது மூடிவிட்டதாகக் காட்டியது. அந்த விளக்கு வால்வின் நிலையைக் காட்டவில்லை. வால்வை மூடும்படி கட்டளை போனதை மட்டுமே காட்டியது. குளிர்விக்கும் நீர் வெளியேறிக்கொண்டிருக்க, அழுத்தக் கலனின் நீர்மட்டக் கருவியோ நீர் மிகுதியாக இருப்பதாகக் காட்டியது. கலன் நிரம்பி வழியக் கூடாது என்றே ஆபரேட்டர்கள் பயிற்றுவிக்கப்பட்டிருந்தனர். எனவே தானாக ஓடத் தொடங்கிய அவசர நீர்ப்பம்புகளைக் குறைத்தார்கள். வெளியேறும் வழியை அடைக்க இரண்டு மணி நேரத்துக்கும் மேலாயிற்று. அதற்குள் எரிபொருள் சிதையத் தொடங்கியிருந்தது.

அந்தக் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் கற்றுக்குட்டிகள் அல்லர். அமெரிக்கக் கடற்படையின் அணுசக்திக் கப்பல்களில் பணியாற்றியவர்கள். உரிமத் தேர்வில் தேறியவர்கள். விபத்தை விசாரிக்க அமைக்கப்பட்ட ஆணையத்தின் தலைவர் ஜான் கெமனி, கணிதப் பேராசிரியர். 'பேசிக்' கணினி மொழியை உருவாக்கிய இருவரில் ஒருவர். ஒரு கணிதப் பேராசிரியர் தேர்வு முறையைப் பார்வையிட்டால் முதலில் எதைக் கவனிப்பாரோ அதை ஆணையமும் கவனித்தது: சராசரி. அவசரகாலச் செயல்முறை குறித்த பகுதியில் தோற்ற ஒருவர் பிற பகுதிகளில் நன்றாக எழுதி, மொத்தச் சராசரியால் தேறிவிடலாம். 1979 அக்டோபரில் வெளியான அறிக்கை இதைக் குறையாகப் பதிவுசெய்தது.

நம் பள்ளித் தேர்வுகளில் தமிழில் 35, கணிதத்தில் 35 எனத் தனித்தனியே தேற வேண்டும் என்பதை மாணவர்கள் ஒரு தொல்லையாகவே நினைப்பார்கள். கட்டுப்பாட்டு அறையைப் பொறுத்தவரை அந்தத் தொல்லை இல்லாமற்போனதே குறை. உலை இயற்பியலில் 95 எடுத்தவர் அவசரகாலச் செயல்முறையில் 40 எடுத்தால் அவருடைய சராசரிக்கு எந்தப் பொருளும் இல்லை.

1980இல் விதி மாறியது. மொத்தத்தில் 80 விழுக்காடு, ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தது 70 விழுக்காடு என்று உயர்த்தப்பட்டது. அதற்கு முன் மொத்தத்தில் 70 போதுமானதாக இருந்தது.

மாற வேண்டியது கேள்வி

தேர்ச்சி மதிப்பெண்ணை உயர்த்துவது ஒரு கையெழுத்தில் முடிகிற வேலை. வினாக்களை மாற்றுவது அப்படியன்று. ஓர் எடுத்துக்காட்டு பார்க்கலாம். அழுத்தத் தணிப்பு வால்வு பற்றி ஒருவரிடம், 'அது எந்த அழுத்தத்தில் திறக்கும்?' என்று கேட்கலாம். விடை ஓர் எண். மனப்பாடம் செய்தவர் எழுதிவிடுவார். இன்னொரு விதமாகவும் கேட்கலாம்: 'உலை நின்றுவிட்டது. அழுத்தம் குறைந்துகொண்டே போகிறது. அழுத்தக் கலனில் நீர்மட்டம் ஏறுகிறது. வால்வு மூடியிருப்பதாக விளக்கு காட்டுகிறது. ஆனால் வால்வுக்குப் பின்னுள்ள குழாயின் வெப்பநிலை மிக அதிகம். என்ன நடக்கிறது? எந்தக் கருவியை நம்புவாய்?' முதல் கேள்விக்குச் சரியாக விடை எழுதிய பலர் இரண்டாவதில் தோற்கக்கூடும்.

இரண்டாவது கேள்வியை 1979க்கு முன்பே யாராவது கேட்டிருக்க முடியுமா? முடியும். 1977 செப்டம்பர் 24 அன்று ஒகையோ மாநிலத்தின் டேவிஸ்-பெஸ்ஸி நிலையத்தில் அதே வகை வால்வு அதே போல் திறந்தபடி நின்றது. உலை குறைந்த திறனில் இருந்ததாலும், ஆபரேட்டர்கள் சுமார் 20 நிமிடங்களில் கண்டுபிடித்ததாலும் பெருங்கேடு நேரவில்லை. அந்த அனுபவம் ஒரு வினாவாக மாறித் திரீ மைல் ஐலண்டின் பயிற்சி வகுப்புக்குப் போய்ச் சேரவில்லை. இத்துறையில் கற்க வேண்டிய பாடங்களில் இதுவே மிகக் கசப்பானது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

விபத்துக்குப் பின் வேலைப் பகுப்பாய்வு என்ற முறை வந்தது. ஆபரேட்டர் அன்றாடமும் அவசரத்திலும் செய்யும் வேலைகள் அனைத்தும் பட்டியலிடப்பட்டன. ஒவ்வொரு வேலைக்கும் தேவையான அறிவும் திறனும் எழுதப்பட்டன. பாதுகாப்புக்கு அது எவ்வளவு முக்கியம் என்று 1 முதல் 5 வரை மதிப்பிடப்பட்டது. இன்றைய அமெரிக்க முறையில், 2.5க்குக் கீழே மதிப்புப் பெற்றவை பொதுவாக வினாத்தாளில் இடம்பெறுவதில்லை. வினா எழுதுபவருக்குப் பிடித்த தலைப்பிலிருந்து வினா எடுக்க முடியாது. பட்டியலிலிருந்து சீட்டுக் குலுக்குவது போல் தெரிவு நடக்கிறது. ஆபரேட்டருக்கு 75 கொள்குறி வினாக்கள், மூத்த ஆபரேட்டருக்குக் கூடுதலாக 25. தேர்ச்சிக்கு 80 விழுக்காடு.

நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கொள்குறி வினா எளிது என்று நினைப்பவர்கள் அப்படி ஒன்றை எழுதிப் பார்த்ததில்லை. சரியான விடையை எழுதுவது சுலபம். தவறான மூன்று விடைகளை எழுதுவதில்தான் உழைப்பு. யாரும் தேர்ந்தெடுக்காத ஒரு வேடிக்கையான விடை வைத்தால், வினா மூன்று விடை வினாவாகச் சுருங்குகிறது. நல்ல தவறான விடை என்பது ஆபரேட்டர்கள் உண்மையாகவே கொண்டிருக்கும் ஒரு தவறான எண்ணத்திலிருந்து வர வேண்டும். மேலே கண்ட வால்வுக் கேள்வியில் 'நீர்மட்டம் ஏறுவதால் உலையில் நீர் போதிய அளவு உள்ளது' என்பது அத்தகைய விடை. 1979இல் அந்த அறையில் இருந்தவர்கள் நம்பியது அதைத்தான்.

மற்றொரு சிக்கல், வினா வங்கி. பழைய வினாக்களைச் சேர்த்துவைத்தால் தேர்வு நடத்துவது எளிதாகும்; தரமும் ஒரே மாதிரி இருக்கும். ஆனால் வங்கி சிறியதாக இருந்தால், படிப்பவர் நிலையத்தைப் படிக்காமல் வங்கியைப் படிப்பார். நம் ஊர் 'கைடு' கலாசாரம் அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஒரு தேர்வு நேர்மையாகவும் நடக்க வேண்டும். விபத்து நடந்த அதே திரீ மைல் ஐலண்டில், முதல் உலையை மீண்டும் இயக்குவதற்காக 1981இல் நடந்த உரிமத் தேர்வில் இருவரின் விடைத்தாள்கள் ஒத்திருந்தது தெரியவந்தது. கண்காணிப்பும் தளர்வாக இருந்தது. தேர்வு திரும்ப நடத்தப்பட்டது. தனி விசாரணையும் நடந்தது. அந்த உலை 1985இல்தான் மீண்டும் இயங்கியது.

யார் வினாத்தாள் எழுதுவது?

இதில் நாட்டுக்கு நாடு வழக்கம் வேறு. அமெரிக்காவில் அரசு ஆணையம் எழுதியது. 1999க்குப் பின் நிறுவனங்களே எழுதி ஆணையத்தின் ஒப்புதல் பெறலாம் என்றாயிற்று. கனடாவிலும் ஒழுங்குமுறை அமைப்பே நெடுங்காலம் கட்டுரை வடிவ வினாக்களைக் கொண்ட தேர்வுகளை நடத்திவந்தது. 2000க்குப் பின் அப்பொறுப்பு நிலையங்களுக்கு மாறியது. பிரான்சில் ஆபரேட்டருக்கு அரசு தனிநபர் உரிமம் வழங்குவதே இல்லை. மின் நிறுவனமே தன் ஊழியருக்குத் தகுதி வழங்கும். பயிற்சி முறை சரியா என்பதை மட்டும் அரசு பார்க்கும். போட்டித் தேர்வுகளுக்குப் பேர்போன ஒரு நாடு இந்த இடத்தில் தேர்வை நிறுவனத்திடம் விட்டிருப்பது வியப்புக்குரியதே.

இந்தியா இவற்றுக்கு இடைப்பட்டது. எழுத்துத் தேர்வை நடத்துவது நிலையத்தை இயக்கும் நிறுவனம். இறுதி மதிப்பீட்டில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் பங்கேற்கிறது. உரிமம் நிரந்தரமானதன்று, குறித்த காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

கல்பாக்கம்

காரைக்காலிலிருந்து நேர்க்கோட்டில் சுமார் 180 கிலோமீட்டர் வடக்கே, அதே கடற்கரையில் இருக்கிறது கல்பாக்கத்தின் சென்னை அணுமின் நிலையம். இராஜஸ்தானின் ராவத்பாட்டாவில் கனடாவின் உதவியோடு கட்டப்பட்ட நிலையமே இதற்கு முன்மாதிரி. 1974 பொக்ரான் சோதனைக்குப் பின் கனடா உதவியை நிறுத்திக்கொண்டது. எனவே கல்பாக்கத்தை இந்தியப் பொறியாளர்களே கட்டி முடித்தனர். முதல் உலை 1983 ஜூலை 2 அன்று தொடர்வினை நிலையை எட்டியது. ஒழுங்குமுறை வாரியம் அமைக்கப்பட்டது 1983 நவம்பர் 15 அன்று. அதாவது உலை ஓடத் தொடங்கி நான்கு மாதம் கழித்தே வாரியம் பிறந்தது. அதுவரை பாதுகாப்பு மேற்பார்வை அணுசக்தித் துறையின் உள் குழுவிடம் இருந்தது.

ஒரே குடும்பத்தைச் சேர்ந்த உலைகளாயினும் ஒரு நிலையத்தின் வினாத்தாளை மற்றொன்றில் அப்படியே பயன்படுத்த முடியாது. கல்பாக்கத்தில் உலையை விரைந்து நிறுத்தும் வழி, தணிப்பானாகப் பயன்படும் கனநீரை உலைக் கலனிலிருந்து கீழே வடித்துவிடுவது. அடுத்து வந்த நரோரா நிலையத்தில் இந்த வழி கைவிடப்பட்டு, நிறுத்தும் தண்டுகள் வந்தன. 'உலை எதனால் நிற்கிறது?' என்ற கேள்விக்குக் கல்பாக்கத்தில் சரியான விடை நரோராவில் தவறு. உரிமம் நிலையத்துக்கு நிலையம் தனியே வழங்கப்படுவதற்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை.

ஒரே நிலையத்திலும் விடை மாறலாம். 1980களின் இறுதியில் கல்பாக்கத்தின் இரு உலைகளிலும் கனநீர் உள்ளே வரும் அமைப்பு உடைந்தது. கனநீரின் பாதை மாற்றப்பட்டு, ஒவ்வோர் உலையும் 220 மெகாவாட்டுக்குப் பதில் 170 மெகாவாட் அளவில் பல ஆண்டுகள் ஓடியது. 2000களில் குளிர்விப்புக் குழாய்கள் மொத்தமாக மாற்றப்பட்டபோதுதான் பழைய திறன் திரும்பியது. ஆக, கனநீர் ஓட்டம் பற்றி 1985இல் எழுதப்பட்ட ஒரு வினாவின் விடை 1990இல் செல்லாது. 1990இன் விடை 2007இல் செல்லாது. நிலையத்தில் ஒரு குழாயை மாற்றினால் வினா வங்கியிலும் ஒரு வினாவை மாற்றியாக வேண்டும். மாற்ற மறந்தால், பழைய விடையை எழுதியவருக்கு முழு மதிப்பெண்ணும் கிடைக்கும், நிலையத்துக்கு ஆபத்தும் கிடைக்கும்.

இயற்கை யுரேனியத்தில் ஓடும் இத்தகைய உலைகளுக்கே உரிய ஒரு கேள்வியும் உண்டு. முழுத் திறனில் ஓடிய உலை நின்றால், ஏறத்தாழ அரை மணி நேரத்துக்குள் மீண்டும் தொடங்காவிட்டால் ஒன்றரை நாள் வரை தொடங்க முடியாமல் போகும். நின்ற உலையில் செனான் என்ற வாயு பெருகி நியூட்ரான்களை விழுங்குவதே காரணம். 'எவ்வளவு நேரம்?' என்று மட்டும் கேட்டால் அது நினைவுச் சோதனை. 'காரணம் தெரியாமல் நின்ற உலையை இந்த அரை மணி நேரத்துக்குள் தொடங்கச் சொல்லி மேலதிகாரி தொலைபேசியில் கேட்கிறார், என்ன செய்வாய்?' என்று கேட்டால், இயற்பியலும் விதியும் மனவுறுதியும் ஒரே வினாவில் சோதிக்கப்படுகின்றன.

தாளில் அடங்காதவை

1993 மார்ச் 31 அதிகாலை, நரோராவின் முதல் அலகில் டர்பைன் இறக்கை உடைந்து, ஹைட்ரஜன் கசிந்து தீப்பிடித்தது. மின் கம்பிகள் எரிந்து நிலையம் முழுவதும் இருண்டது. ஆபரேட்டர்கள் ஒரு நிமிடத்துக்குள் உலையைக் கையால் நிறுத்தினர். புகை சூழ்ந்ததால் கட்டுப்பாட்டு அறையை விட்டே வெளியேற வேண்டியதாயிற்று. சிலர் கைவிளக்குடன் உலைக் கட்டடத்தின் மேற்பகுதிக்கு ஏறி, போரான் கரைசலை உலைக்குள் விடும் வால்வுகளைக் கையால் திறந்தனர். டீசலில் ஓடும் தீயணைப்புப் பம்புகளால் நீராவி உற்பத்திக் கலன்களுக்கு நீர் ஊட்டப்பட்டது. மின்சாரம் இல்லாத நிலை சுமார் 17 மணி நேரம் நீடித்தது.

'அந்த வால்வு எங்கே இருக்கிறது?' என்பதற்கு எழுத்துத் தேர்வில் ஒரு வரியில் விடை எழுதலாம். இருட்டில், புகையில், எத்தனையாவது படியில் திரும்ப வேண்டும் என்பதைக் கால்கள்தான் அறிந்திருக்க வேண்டும். நிலையத்தைச் சுற்றி நடந்து ஒவ்வொரு கருவியையும் தொட்டுக் காட்டும் நேரடித் தேர்வு எழுத்துத் தேர்வோடு சேர்ந்தே நடப்பதன் பொருள் இங்கே விளங்கும்.

எழுதுபவருக்கே தெரியாததை வினாவாக்க முடியாது என்பது மற்றொரு எல்லை. 1986இல் செர்னோபிலில் உலையை நிறுத்தும் தண்டுகள் இறங்கும்போது சில நிலைகளில் முதலில் திறனை உயர்த்தும் என்பது சோவியத் வல்லுநர்களுக்கு 1983இலேயே தெரிந்திருந்தது. ஷிப்டில் இருந்தவர்களுக்கு அது சொல்லப்படவில்லை. மறைக்கப்பட்ட ஓர் உண்மையை எந்தப் பாடத்திட்டமும் கற்பிக்காது.

2004 டிசம்பர் 26 காலை ஆழிப்பேரலை காரைக்கால் கடலோரக் கிராமங்களில் நூற்றுக்கணக்கானோரைக் கொண்டுபோனது. அதே காலையில் கல்பாக்கத்தில் இரண்டாம் உலை ஓடிக்கொண்டிருந்தது. முதல் உலை குழாய் மாற்றும் பணிக்காக நிறுத்தப்பட்டிருந்தது. கடல்நீர் பம்பு அறைக்குள் புகுந்து பம்புகள் நின்றன. உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டுக் குளிர்விக்கப்பட்டது. 'ஆழிப்பேரலை வந்தால்' என்ற வினாவுக்கு அன்று யாரும் ஆயத்தமாகியிருக்கவில்லை. ஆனால் 'கடல்நீர் பம்புகள் நின்றுபோனால் வெப்பத்தை எப்படி வெளியேற்றுவாய்?' என்பது எந்த அணுமின் நிலையத்துக்கும் அடிப்படையான வினா. காரணத்தை முன்கூட்டிச் சொல்ல முடியாதபோதும் விளைவைக் கேட்டுவைக்கலாம்.

ஓடாத உலைக்கு வினா

ஒழுங்காக ஓடும் உலைக்கு வினா எழுத அனுபவம் இருக்கிறது. பழைய ஷிப்டுப் பதிவேடுகள் இருக்கின்றன. முதன்முறையாகக் கட்டப்படும் உலைக்கு? கல்பாக்கத்தின் 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலை இத்தகையது. இதில் குளிர்விப்பான் திரவ சோடியம். காற்றில் பட்டால் எரியும்; நீரில் பட்டால் வெடிக்கும் தன்மையுடையது. எனவே அதே வளாகத்தில் கனநீர் உலையில் தேர்ந்த ஒருவருக்கும் இங்கே பல கேள்விகள் புதியவை. கூடங்குளத்துக்கு ரஷ்யாவில் அதே வகை உலைகள் ஓடிக்கொண்டிருந்தன. பொறியாளர்கள் அங்கே சென்று பயின்றார்கள். வேக ஈனுலைக்கு அப்படிப் போய்ப் பார்க்க இந்த வடிவமைப்பில் இன்னோர் உலை எங்கும் இல்லை.

இருந்த இரண்டு வழிகளில் ஒன்று, இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கிய சிமுலேட்டர். மற்றொன்று, 1985 அக்டோபர் 18 முதல் அதே மையத்தில் ஓடும் சிறிய வேக ஈனுலை. அதில் 1987 மே மாதம் எரிபொருள் மாற்றும்போது நேர்ந்த விபத்தில் ஓர் எரிபொருள் தொகுதி வளைந்தது. உலையைச் சரிசெய்ய நீண்ட காலம் ஆனது. 2002 ஏப்ரலில் சுத்திகரிப்பு அறையில் சுமார் 75 கிலோ சோடியம் கசிந்தது. இவ்விரண்டும் அன்று தோல்விகளாகவே தோன்றியிருக்கும். வினாத்தாள் எழுதுபவரின் மேசையிலோ, சோடியம் கசிந்தால் முதலில் எந்தக் கருவி அறிவிக்கும், எந்த வால்வை மூடுவது, அறைக்குள் எப்போது நுழையலாம் என்பவற்றைக் கற்பனை இல்லாமல் கேட்பதற்கு அவையே கிடைத்த மூலப்பொருள்.